பல் போனால் வண்டியும் போச்சா?

'பல்லுப் போனால் சொல்லுப் போச்சு' என்று நம் பெரியவர்கள் மனிதர்களைப் பற்றிச் சொன்னார்கள். இப்போது மோட்டார் சைக்கிள்களுக்கும் அதே தீர்ப்பை எழுதிவிட்டார்கள். இஞ்சின் திடமாக இருக்கிறது, சட்டத்தில் துருவில்லை, விளக்கு எரிகிறது, ஹார்ன் அலறுகிறது. ஆனால் உள்ளங்கையில் அடங்குகிற ஓர் இரும்புச் சக்கரத்தின் பற்கள் தேய்ந்துவிட்டன. ஆகையால் வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட வேண்டுமாம்! இது யந்திர சாஸ்திரம் அல்ல, சோம்பேறித்தனம். அந்தச் சோம்பேறித்தனத்துக்குப் பின்னால் கொஞ்சம் வியாபாரமும் ஒளிந்திருக்கிறது என்பது என் கட்சி.

மோட்டார் சைக்கிளில் ஏறியே அறியாத வாசகர்களும் சற்றுப் பொறுமையோடு என் கூட வரவேண்டும். இன்று என் வண்டிக்கு வந்த கதி நாளை உங்கள் வீட்டுத் தையல் மெஷினுக்கும் மிக்ஸிக்கும் வரக் காத்திருக்கிறது.

விஷயம் இதுதான். கியர்ப் பெட்டியிலிருந்து வெளியே நீளும் தண்டின் நுனியில் ஒரு சிறிய பல்சக்கரம் இருக்கும். கடைத்தெரு பாஷையில் அதற்கு முன் ஸ்ப்ராக்கெட் என்று பெயர். பின்னால் பெரிய ஸ்ப்ராக்கெட் ஒன்று. இரண்டுக்கும் நடுவே செயின். பழைய 350 புல்லட்டில் முன்னதற்கு 16 பல், பின்னதற்கு 38 பல். பெரியது ஒரு தடவை சுற்றி வருவதற்குள் சின்னது இரண்டு தடவைக்கு மேல் சுற்றியாக வேண்டும். கூட்டுக் குடும்பத்தின் கடைசி மருமகளைப் போல அதற்குத்தான் வேலை அதிகம். ஆகவே முதலில் தேய்வதும் அதுதான். பற்கள் கொக்கி போல வளைந்து கூர்ந்துவிடும். அதன் மேல் புதுச் செயினைப் போட்டால், அந்தச் செயினையும் சீக்கிரமே தின்று தீர்த்துவிடும்.

என்னிடம் இருப்பது ஒரு யெஸ்டி. இரண்டு ஸ்ட்ரோக் இஞ்சின், இரட்டைப் புகைக்குழாய். அதைப் பெற்றெடுத்த மைசூர்த் தொழிற்சாலை 1996-ல் மூடப்பட்டது. யெஸ்டி என்ற பெயர் 2022-ல் மறுபடி கடைக்கு வந்தது. ஆனால் அது நான்கு ஸ்ட்ரோக், தண்ணீரால் குளிரும் இஞ்சின். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைத்தால் தாத்தாவின் செருப்பு பேரனுக்குச் சேர்ந்துவிடுமா? புல்லட்டின் அதிர்ஷ்டமே வேறு. சென்னைத் திருவொற்றியூரில் 1950-களில் தொடங்கி, அடிப்படை மாறாமல் அரை நூற்றாண்டுக்கும் மேல் அதைச் செய்துகொண்டே இருந்தார்கள். அதனால் தெருவுக்குத் தெரு அதன் சாமான் கிடைக்கிறது. ஆக, ஒரு வண்டியின் ஆயுளை முடிவு செய்வது அதன் தரம் அல்ல. அதைச் செய்தவர்களின் கணக்குப் புத்தகம்!

முன் ஸ்ப்ராக்கெட் தேடி ஜெனரல் பாட்டர்ஸ் ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் நான் ஏறாத படி இல்லை. எல்லாக் கடையிலும் முதல் கேள்வி ஒன்றேதான்.

"சாம்பிள் கொண்டாந்திருக்கீங்களா, ஸார்?"

அதாவது வண்டியைப் பிரித்துப் பிணமாக்கி, தேய்ந்த உறுப்பைக் கையில் ஏந்தி வந்து அடையாளம் காட்ட வேண்டும். ஏந்திக்கொண்டு போனேன். ஒரு கடைக்காரர் அதைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் வேறொன்றை எடுத்து நீட்டினார்.

"இதைப் போடுங்க ஸார், எல்லாம் ஒண்ணுதான்."

"உள்துவாரத்தில் எத்தனை வரி?"

"வண்டியில மாட்டிப் பார்த்தா தெரிஞ்சுடும் ஸார்!"

தாலி கட்டிய பிறகு ஜாதகம் பார்க்கிற சங்கதி இது. மாட்டிப் பார்த்து, ஆடி அசைந்து, தண்டின் வரிகளையே அது அரைத்துவிட்டால்? ஐந்நூறு ரூபாய்ச் சமாசாரத்துக்காகக் கியர்ப் பெட்டியையே பிரித்துத் தண்டை மாற்ற நேரும். அந்தத் தண்டுக்கு எந்தக் கடையில் சாம்பிள் நீட்டுவது?

கடைக்காரரை மட்டும் நான் குறை சொல்லவில்லை. அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? கூத்து எங்கே இருக்கிறது என்றால், இந்தச் சக்கரத்தின் வெளிப்புறம் உலகப் பொது. உட்புறம் கம்பெனியின் அந்தரங்கம். செயினுக்கு உலகம் முழுவதும் ஒரே பாஷை. 530 என்றால் கண்ணிக்குக் கண்ணி இடைவெளி அங்குலத்தில் எட்டில் ஐந்து, உள்ளகலம் எட்டில் மூன்று. 520 என்றால் அதே இடைவெளி, உள்ளகலம் கால் அங்குலம். ஜப்பான்காரன் செய்தாலும் லூதியானாக்காரர் செய்தாலும் இதில் மாற்றமில்லை. ஆனால் தண்டின் மேல் உட்காருகிற துவாரம் இருக்கிறதே, அதில் வரி எத்தனை, விட்டம் எவ்வளவு என்பதை ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டப்படி வைத்துக்கொள்கிறது. வைத்துக்கொள்ளட்டும், வெளியே சொல்லித் தொலைத்தால் என்ன? சக்கரத்தின் முகத்தில் பொறித்திருப்பது அளவு அல்ல, பாகத்தின் எண். கம்பெனி இருக்கிற வரையில் அது ஒரு விலாசம். கம்பெனி போன பிறகு அது வெறும் கல்லறை எழுத்து.

நான் கேட்பது ஆறே எண்கள். பல் எத்தனை, செயின் எண் என்ன, உள்வரி எத்தனை, அந்த வரியின் வெளிவிட்டம், உள்விட்டம், சக்கரம் எந்தப் பக்கம் எத்தனை மில்லிமீட்டர் ஒதுங்கி நிற்கிறது. கடைசி எண்ணை அலட்சியமாக நினைக்க வேண்டாம். அது தவறினால் செயின் கோணலாக ஓடிப் பற்களின் பக்கவாட்டை அரம் போல் அராவும். பல் எண்ணிக்கை அப்படியல்ல. அதில் கொஞ்சம் சுதந்திரம் உண்டு. 16-க்குப் பதில் 17 போட்டால், அதே வேகத்தில் இஞ்சின் நூற்றுக்கு ஆறு பங்கு நிதானமாகச் சுழலும். மேட்டில் ஏறும்போது மட்டும் கொஞ்சம் முனகும். எது மாறலாம், எது மாறக்கூடாது என்று தெரிந்துகொள்ளவாவது எண்கள் வேண்டாமா?

"லேத்துப் பட்டறையில் கொடுத்தால் செய்துவிடுவார்களே" என்பார்கள். செய்கிறார்கள். பழையதன் நடுப்பகுதியைக் கடைந்தெடுத்து, வேறொரு வண்டியின் பல்வளையத்தை அதன்மேல் வைத்து வெல்டிங் செய்கிறார்கள். அந்தக் கைகளுக்கு என் வந்தனம். ஆனால் வெல்டிங் சூடு பற்களின் கடினத்தைக் குறைத்துவிடலாம். நடு மையம் ஒரு மயிரிழை தப்பினால் செயின் ஒவ்வொரு சுற்றிலும் இறுகித் தளரும். ஒட்டு விட்டுப்போய்ச் செயின் சிக்கினால் பின்சக்கரம் நடுரோட்டில் பூட்டிக்கொள்ளும். ஒட்டியவரும் ஓட்டுகிறவரும் உயிரைப் பணயம் வைத்துச் செய்கிற சாமர்த்தியத்தை ஒரு நாடு தன் ஏற்பாடாக வைத்துக்கொள்ளலாமா?

"பழைய இரண்டு ஸ்ட்ரோக் வண்டி புகை கக்குகிறதே, ஒழிந்தால் என்ன?" என்று கேட்கும் நண்பர்களும் உண்டு. நியாயமான கேள்வி. புகைதான் குற்றம் என்றால் புகையைச் சோதித்து, சட்டம் போட்டு, பகிரங்கமாகத் தடுக்கட்டும், தலை வணங்குகிறேன். ஆனால் நடப்பது என்ன? 15 ஆண்டு கழிந்த வண்டியைச் சோதித்துப் பார்த்து, பணம் கட்டச் சொல்லி, இன்னும் ஐந்து ஆண்டு ஓடலாம் என்று சர்க்காரே முத்திரை குத்துகிறது. சர்க்கார் 'ஓடு' என்கிறது. ஒரு பல்சக்கரம் 'ஓடாதே' என்கிறது. இந்தத் தேசத்தில் யார் பெரியவர்?

2022-ல் மத்திய சர்க்காரின் நுகர்வோர் விவகாரத் துறை, பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழுவை அமைத்தது. மோட்டார் வாகனங்களும் அதன் பட்டியலில் உண்டு. அதே ஆண்டு டிசம்பரில் அதற்கென்று ஒரு வலைத்தளமும் திறந்தார்கள். நல்ல காரியம்தான். ஆனால் இருக்கிற கம்பெனியிடம் கேள்வி கேட்கலாம்; இறந்த கம்பெனியிடம் யார் கேட்பது?

திருகாணியின் மரைக்கெல்லாம் ஒரே அளவு வேண்டுமென்று இங்கிலாந்தில் ஜோஸப் விட்வொர்த் வாதாடியது 1841-ல். அதற்கு முன் பட்டறைக்குப் பட்டறை மரை வேறு. அளவு வெளிப்பட்டதால் எந்தப் பட்டறையும் அழிந்துவிடவில்லை, செழித்தன. நம் ஊரில் இதைச் சட்டமாக்குவதற்கு எந்த ஞானியும் பிறந்து வரவேண்டியதில்லை. தேய்கிற பாகம் ஒவ்வொன்றின் மேலும் அதன் அளவு பொறிக்கப்பட வேண்டும். ஒரு வண்டியைச் செய்வதை நிறுத்துகிற அன்றே, தேயும் பாகங்களின் வரைபடத்தை ஊரார் பார்க்கும்படி ஒப்படைத்துவிட வேண்டும். விற்றபோது வண்டியின் விலையை முழுசாக வாங்கிக்கொண்டீர்கள். அதன் அளவை மட்டும் ஏன் உங்கள் பெட்டியில் பூட்டி வைத்துக்கொண்டு போகிறீர்கள்?

பல் போகும்; தேய்வது இரும்பின் சுபாவம். சொல் போகவேண்டிய அவசியமில்லை. அந்த ஆறு எண்களைச் சொல்லிவிட்டுப் போங்கள். மிச்சத்தை எங்கள் பட்டறைக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள்.