மலையின் கணக்கை மலையிலும் பேசுங்கள்



உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் ஊட்டிக்கு இ-பாஸ் வந்தது. 2025 கோடையில் வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்று வரம்பும் வந்தது. மலை எத்தனை வண்டியைத் தாங்கும் என்று ஆராயும் பொறுப்பு சென்னை ஐஐடிக்கும் பெங்களூரு ஐஐஎம்முக்கும் போனது. படித்தவர்கள் கணக்குப் போடட்டும், நல்லதுதான். அதை இங்குள்ளவர்கள் முன் விரித்துப் பேச வேண்டாமா?

மலர்க் கண்காட்சி சமயத்தில் ஊட்டி–குன்னூர் சாலையில் நின்று பாருங்கள். நெரிசலில் இலை வண்டி சிக்கினால், பறித்த பச்சைத் தேயிலை மூட்டைக்குள்ளேயே சூடேறிச் சிவந்துவிடும். அதற்கு எந்தத் தொழிற்சாலை விலை தரும்? காட்டேஜ் வைத்திருப்பவருக்கோ வண்டி குறைந்தால் வருமானம் போச்சு. இந்த இரு தரப்பும் ஒரே கூடத்தில் உட்கார்ந்து பேசி நான் பார்த்ததில்லை.

அப்படி உட்கார வைக்க நீலகிரி மாவட்டத்துக்கெனத் தனிப் பல்கலைக்கழகம் இல்லை. ஆனால் ஆங்கிலேயர் காலத்துக் கலெக்டர் சல்லிவன் கட்டிய ஸ்டோன் ஹவுஸ் வளாகத்தில் 1955 முதல் அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. அந்தக் கல்லூரி இணைந்துள்ள பாரதியார் பல்கலைக்கழகம் அங்கே, தமிழிலேயே, பொது விவாதங்களை நடத்தலாம். முதல் கூட்டத்தை ஏப்ரலுக்கு முன்பே வைத்துவிடுங்கள். சீசன் தொடங்கிவிட்டால் கோத்தகிரியிலிருந்து ஊட்டி வந்துசேர்வதே எங்களுக்குப் பெரும்பாடு.

– சிறு தேயிலை விவசாயி, கோத்தகிரி