மாலை போட்டார்கள், பிரேக்கைப் பற்றிச் சொன்னார்களா?

மோட்டார் சைக்கிள் கடைகள் இப்போது கல்யாண மண்டபம் போல இருக்கின்றன. சுற்றிலும் கண்ணாடி. உள்ளே குளுகுளு வசதி. "வாங்க சார், வாங்க மேடம்" என்று வரவேற்பு. சில கடைகளில் காப்பி கூடக் கிடைக்கும். வண்டி எடுக்கிற நாளில் மாலை போட்டு, பெரிய அட்டைச் சாவியைக் கையில் கொடுத்து, குடும்பத்தோடு போட்டோ எடுக்கிறார்கள்.

எல்லாம் சரி. வண்டியைப் பற்றி ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்!

"ஏ.பி.எஸ். ஒரு சக்கரத்துக்கா, இரண்டுக்குமா?" என்றால், விற்பனையாளர் செல்போனை எடுத்துத் தேடுகிறார். "டயருக்கு எவ்வளவு காற்று?" என்றால், "அதை சர்வீசில் கேளுங்க" என்கிறார். "மாதத் தவணை எவ்வளவு?" என்று கேளுங்கள். மூச்சு விடாமல் ஒப்பிப்பார்!

எல்லாக் கடைகளும் இப்படி அல்ல. விவரம் தெரிந்தவர்கள் உள்ள கடைகளும் உண்டு. ஆனால் அவர்களைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

உதைக்கக் கற்றுக்கொடுத்த காலம்

1955-ல் சென்னையில் என்பீல்டு இந்தியா கம்பெனி தொடங்கியது. திருவொற்றியூர் தொழிற்சாலையில் இருந்து புல்லட் வந்தது. அதைக் கிளப்புவதே ஒரு வித்தை. சின்ன லீவரைப் பிடித்துக்கொண்டு கிக்கரை மெதுவாக அமுக்க வேண்டும். அம்மீட்டர் முள் நடுவுக்கு வந்ததும் லீவரை விட வேண்டும். பிறகு ஓங்கி மிதிக்க வேண்டும். தப்பாக மிதித்தால் கிக்கர் திருப்பி அடிக்கும். கால் என்ன ஆகும்? கியர் வலது காலில். பிரேக் இடது காலில். விற்றவர் பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுக்காவிட்டால் வண்டி வீடு போய்ச் சேராது.

அது பொற்காலம் என்று யாரும் நினைக்க வேண்டாம். பஜாஜ் ஸ்கூட்டருக்குப் பணம் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்த குடும்பங்கள் உண்டு. அன்று மரியாதைக்குப் பஞ்சம். இன்று விவரத்துக்குப் பஞ்சம்.

உயிர் விஷயம்

2019 ஏப்ரல் மாதத்தில் இருந்து, 125 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிகளுக்கு ஏ.பி.எஸ். கட்டாயம் ஆயிற்று. அதற்கு உட்பட்ட வண்டிகளில், இரண்டு பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும் ஏற்பாடாவது இருக்க வேண்டும் என்றார்கள். நல்ல விதி. ஆனால் அந்தப் பிரேக் எப்படி வேலை செய்யும் என்று வாங்குகிறவருக்கு யார் சொல்வது?

திடீர் என்று பிரேக் போட்டால் சக்கரம் பூட்டிக்கொள்ளும். வண்டி வழுக்கும். ஏ.பி.எஸ். அதைத் தடுக்கிறது. நொடிக்குப் பல தடவை பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்கிறது. அப்போது லீவர் கிடுகிடு என்று துடிக்கும். அது கோளாறு அல்ல; வேலை செய்கிறது என்று அர்த்தம்.

இது தெரியாதவர் என்ன செய்வார்? எதிரே பஸ். பிரேக்கைப் பிடிக்கிறார். லீவர் துடிக்கிறது. "ஐயோ, என்னவோ ஆகிவிட்டது" என்று கையை எடுத்துவிடுகிறார்!

அரை நிமிஷப் பேச்சுதான். அதைச் சொல்ல ஆள் இல்லை. ஏ.பி.எஸ். முன் சக்கரத்துக்கு மட்டும் என்றால், பின் சக்கரம் பூட்டிக்கொள்ளலாம் என்பதையும் சொல்வது இல்லை. புது ஸ்கூட்டரில் இடது லீவரைப் பிடித்தாலே முன் பிரேக்கும் கொஞ்சம் பிடிக்கும். பழைய ஸ்கூட்டரில் பழகிய அம்மாக்களுக்கு அது எப்படித் தெரியும்?

பையன்கள் மேல் தப்பு இல்லை

கடையில் நிற்கும் பையன்களைத் திட்டிப் பயன் இல்லை. இத்தனை வண்டி விற்க வேண்டும், இத்தனை பேருக்குக் கடன் வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று அவர்களுக்குக் கணக்கு. பிரேக்கை விளக்கினால் யார் காசு கொடுக்கிறார்கள்? கொஞ்ச நாளில் வேறு கடையில் நூறு, இருநூறு அதிகம் என்றால் போய்விடுகிறார்கள். குற்றம் முதலாளியுடையது. புதிதாகச் சேர்கிறவரை ஒரு மாதம் பட்டறையில் விட்டு, மெக்கானிக் பக்கத்தில் நிற்கவைத்தால் என்ன குடி முழுகிவிடும்?

இன்னொன்று. சில கடைகளில் ஹெல்மெட்டுக்குத் தனி விலை சொல்கிறார்கள். 1989-ம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, வண்டி வாங்கும்போது தயாரிப்பாளர் ஹெல்மெட் கொடுக்க வேண்டும். இன்சூரன்சையும் அந்தக் கடையிலேயே எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இதையும் வாங்குகிறவர்தான் தெரிந்துவைத்திருக்க வேண்டியிருக்கிறது. கடையில் நியாயம் கிடைக்காவிட்டால், 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம்.

வண்டி எடுக்கிற அன்று பட்டறை மெக்கானிக்கை வெளியே கூப்பிடச் சொல்லுங்கள். பிரேக், காற்று, ஆயில், முதல் சர்வீஸ், எல்லாவற்றையும் கேளுங்கள். வீட்டில் வேறு யாராவது ஓட்டுவார்கள் என்றால், அவர்களும் பக்கத்தில் நின்று கேட்கட்டும். பதில் வரும் வரையில் சாவியை வாங்காதீர்கள். போட்டோக்காரர் காத்திருக்கட்டும்.