கடல் வற்றும் நேரத்தைப் பலகையில் எழுதுங்கள்

சென்னைப் புறநகரான குத்தம்பாக்கத்திலிருந்து, குமரி மாவட்டக் கடலோர ஊரான முட்டம் ஏறத்தாழ 700 கிலோமீட்டர். விடுமுறையில் கன்னியாகுமரி போகும் பூந்தமல்லி, ஆவடிப் பக்கத்துக் குடும்பங்கள், மாலையில் முட்டத்துக்கும் ஒரு வண்டி பிடிப்பதுண்டு. ‘அலைகள் ஓய்வதில்லை’ (1981), ‘கடலோரக் கவிதைகள்’ (1986) படங்களில் பார்த்த பாறைகள் அல்லவா! செம்மண் மேட்டில் நின்று அஸ்தமனத்தைப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள்.

காலடியில் இருப்பதை அவர்களுக்குக் காட்ட ஆளில்லை.

கடல் வற்றும்போது பாறைக் குழிகளில் நீர் தேங்கும். குழி ஓரத்தில் கல்லோடு கல்லாகக் கொட்டலசு ஒட்டியிருக்கும். நீருக்குள் கடல் சாமந்தி இதழ் விரித்திருக்கும். காலிச் சங்கில் குடியேறிய துறவி நண்டு, நிழல் பட்டதும் உள்ளே ஒடுங்கிவிடும். அலை அறையும் விளிம்பில் கொத்துக்கொத்தாகச் சிப்பி. குமரிக் கடலோர மீனவர்கள் மூழ்கி எடுத்து விற்கும் அதே சிப்பி. வெயிலில் குழிநீர் சூடேறி உப்புக் கூடும், மழையில் உப்புக் குறையும். இத்தனையையும் தாங்கி வாழும் உயிர்கள் இவை. பள்ளிப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல உயிரியல் பாடம் எங்கே கிடைக்கும்?

செம்பரம்பாக்கம் ஏரி நிரம்ப ஒரு பருவமழை வேண்டும். கடலோ நாளுக்கு இரண்டு முறை ஏறி, இரண்டு முறை வற்றுகிறது. அந்த நேரமும் தினம் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகிறது. குமரிக் கடலில் இந்த ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவு என்பதால், அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில்தான் பாறைகள் நன்றாக வெளியே தெரியும். வெளியூர்க்காரருக்கு இந்தக் கணக்கு எப்படித் தெரியும்?

தெரியாமல் இறங்கினால் உயிருக்கே ஆபத்து. முட்டத்து நிலமுனையை நெருங்கும் அலைகள் வளைந்து, பாறைகளின் மேலேயே குவிகின்றன. அதோடு கள்ளக்கடலும் உண்டு: இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் புயல் கிளப்பிய நெடிய அலை, இங்கே காற்றே இல்லாத நாளிலும் கரையேறும். 2024 மே 6 அன்று அருகிலுள்ள கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களை அலை இழுத்துச் சென்றது. கள்ளக்கடல் எச்சரிக்கை நடப்பில் இருந்த நாள் அது.

முட்டத்துக்குத் தேவை இன்னொரு காங்கிரீட் மேடை அல்ல. அன்றன்று கடல் வற்றும் நேரத்தையும், ஹைதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையத்தின் எச்சரிக்கையையும் எழுதிவைக்க ஒரு பலகை போதும். குஜராத்தின் நராராவில், வற்றிய கடலுக்குள் வழிகாட்டியோடு நடந்து கடல் உயிர்களைப் பார்க்க முடிகிறது. இங்கும் மீனவ இளைஞர்களுக்குப் பயிற்சியும் ஊதியமும் கொடுத்து, சிறு குழுக்களாக அழைத்துப் போகச் செய்யலாம். சங்கு, சிப்பி பொறுக்கத் தடை வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்றில் கடல் கொந்தளிக்கும் ஜூன் முதல் செப்டம்பர் வரை, பாறைக்கு இறங்கும் வழியை மூடிவிட வேண்டும்.