பக்கத்து வீதியின் குளிர்

ஒக்டோபர் கடைசி ஞாயிறன்று பிரித்தானியாவில் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் திருப்புகிறோம். அதற்குப் பிறகு வரும் சனிக்கிழமைகளில் எங்கள் மண்டபங்கள் நிறைந்துவிடுகின்றன. பழைய மாணவர் சங்க இராப்போசனம், ஊர்ச் சங்க ஒன்றுகூடல், நிதி சேர்க்கும் இசைநிகழ்ச்சி என்று ஒன்றன்பின் ஒன்றாக வருகிறது. மேடைத் திரையில் இலங்கைப் போர் பாதித்த முல்லைத்தீவின் படங்கள் ஓடுகின்றன. சக்கர நாற்காலிக்கு, செயற்கைக் காலுக்கு, முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டவர்களின் பராமரிப்புக்கு என்று பணம் சேர்கிறது. அது நல்ல காரியம். அதைக் குறைக்கச் சொல்லி இதை எழுதவில்லை. ஆனால் லண்டனில் ஹரோவிலும் ஈஸ்ட்ஹாமிலும் ரூட்டிங்கிலும் குரொய்டனிலும், அந்த மண்டபங்களுக்கு நடந்துபோகும் தூரத்தில், அதே போரில் காலை இழந்தவர்கள் இருக்கிறார்கள். இளம்பிள்ளை வாதத்தோடு வளர்ந்தவர்கள் இருக்கிறார்கள். மூளைவாதம் உள்ள பிள்ளையைத் தனியே பார்க்கும் தாய்மார் இருக்கிறார்கள். மீற்றரைப் பார்த்துப் பார்த்து ஹீட்டரை நிறுத்திவிட்டுப் போர்வைக்குள் இருக்கும் அவர்களுடைய பெயர் எங்கள் சங்கங்களின் பட்டியல் எதிலும் இல்லை.

இது எங்கள் குற்றம். சங்க நிர்வாகிகள், கோவில் அறங்காவலர்கள், கடைக்காரர்கள், வானொலி நடத்துபவர்கள், பத்திரிகை எழுதுபவர்கள், வைத்தியர்கள், கணக்காளர்கள், சட்டத்தரணிகள், பக்கத்து வீட்டுக்காரர் என்று எல்லோருக்கும் இதில் பங்கு உண்டு. தூரத்தில் இருப்பவருக்கு அள்ளிக் கொடுக்கப் பழகிய நாங்கள், அருகில் இருப்பவருக்குச் சட்டப்படி உரியதை அவர் வாங்கிக்கொள்ளத் துணை நிற்கவில்லை. கொடுப்பது எங்களுக்குப் பெருமையாக இருந்தது. கேட்பதை அவருக்கு நாங்கள் வெட்கமாக்கிவிட்டோம்.

குளிர் எல்லோருக்கும் ஒன்றுதானே என்று நினைத்ததுதான் முதல் தவறு. நாள் முழுவதும் அமர்ந்திருப்பவரின் உடலில், ஓடியாடித் திரிபவரின் உடலில் எழும் சூடு எழாது. முள்ளந்தண்டு வடம் காயப்பட்டவருக்குக் காயத்துக்குக் கீழே சூடும் குளிரும் சரியாகத் தெரிவதில்லை. நடுங்கித் தன்னைச் சூடாக்கிக்கொள்ளும் திறனும் அந்த உடலுக்குக் குறைவு. சுடுநீர்ப் பையை மடியில் வைத்தால் தோல் வெந்த பிறகுதான் மற்றவர் கண்டுபிடிப்பார். போலியோவால் மெலிந்த கால் சில்லிட்டு நீலம் பாரிக்கும், அதில் மிச்சமிருந்த பலமும் குறையும். மூளைவாதம் உள்ள பிள்ளைக்குத் தசை இறுக்கம் கூடும். உடுப்பு மாற்றுவதே பிள்ளைக்கும் தாய்க்கும் போராட்டமாகும். கால் வெட்டப்பட்ட இடத்தின் நோவு குளிரில் கூடுவதாகப் பலர் சொல்கிறார்கள். எங்கள் சமூகத்தில் அதிகமாக உள்ள நீரிழிவால் பாத உணர்வு மரத்துப்போனவர்கள், சூடு தேடி ரேடியேற்றரில் காலை வைத்துப் புண்ணாக்கிக்கொள்கிறார்கள்.

வீட்டுக்குள் குறைந்தது 18 பாகை செல்சியஸ் இருக்கவேண்டும் என்று தேசிய சுகாதார சேவை சொல்கிறது. அசையமுடியாதவருக்கு அதுவும் போதாமல் போகலாம். அதற்கு மேல் மின்சாரத்தில் ஓடும் சக்கர நாற்காலி, தூக்கும் கருவி, படுக்கைப்புண் வராமல் காக்கும் காற்று மெத்தை ஆகியவற்றை நிறுத்திவைக்க முடியாது. இப்படிப்பட்ட வீட்டில் மின்கட்டணம் கூடுவது ஊதாரித்தனத்தால் வருவதில்லை. இதையெல்லாம் அறியாமல், “இன்னொரு ஸ்வெட்டரைப் போட்டால் சரி” என்று நாங்கள் புத்தி சொன்னோம்.

எங்கள் கடைகளைப் பற்றியும் சொல்லவேண்டும். இந்த நாட்டின் மூலைக்கடைகளில் எத்தனையோ எங்களவர்களுடையவை. பிரீபேமென்ட் மீற்றருக்கு டொப்-அப் செய்யும் இயந்திரம் அந்தக் கல்லாப் பக்கத்திலேயே இருக்கிறது. ஐந்து பவுண் போட்டுவிட்டு இரண்டு நாள் கழித்து மறுபடி ஐந்து பவுணோடு வருபவரை, ஊன்றுகோலோடு வருபவரை, மகனை அனுப்புபவரை நாங்கள் ஒவ்வொரு குளிர்காலமும் கண்டோம். 2022–23 குளிர்காலத்தில் கட்டணம் கட்ட முடியாதவர்களின் வீடுகளில் எரிசக்தி நிறுவனங்கள் நீதிமன்ற ஆணையோடு இந்த மீற்றர்களை வலுக்கட்டாயமாகப் பொருத்தின. மாற்றுத்திறனாளிகளின் வீடுகளும் அதற்குத் தப்பவில்லை. ஆங்கிலப் பத்திரிகை ஒன்று அதை அம்பலப்படுத்திய பிறகே, 2023 பெப்ரவரியில், எரிசக்தி ஒழுங்குமுறை அமைப்பான ஒஃப்ஜெம் அதை நிறுத்தச் சொன்னது. அந்தச் செய்தி எங்கள் கல்லாவுக்கு முன்னால் பல காலமாக நின்றுகொண்டிருந்தது. மிச்சக் காசைக் கொடுத்து அனுப்பினோமே தவிர, மின்சார நிறுவனத்தின் முன்னுரிமைச் சேவைப் பதிவேட்டில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று ஒருவரிடமும் கேட்கவில்லை. அதில் பதிவது இலவசம். திட்டமிட்ட மின்வெட்டென்றால் முன்கூட்டியே அறிவிப்பார்கள், மருத்துவக் கருவி உள்ள வீட்டைக் கவனத்தில் எடுப்பார்கள்.

உதவி இருக்கிறது. போதாது, ஆனாலும் இருக்கிறது. ஓய்வூதிய வயதுக்கு உட்பட்ட மாற்றுத்திறனாளிகளுக்கு 2013 முதல் நடைமுறையில் உள்ள பிப் கொடுப்பனவு இருக்கிறது. ஓய்வூதிய வயதை அடைந்த, பராமரிப்புத் தேவையுள்ளவருக்கு அற்றெண்டன்ஸ் அலவன்ஸ் இருக்கிறது. 2025–26 நிதியாண்டில் அது தேவையைப் பொறுத்து வாரம் 73.90 அல்லது 110.40 பவுணாக இருந்தது. இரண்டுக்குமே வருமானமோ சேமிப்போ தடையில்லை. பிப் பெறுபவர் வேலைக்கும் போகலாம். சொந்த வீடு இருந்தால் கிடைக்காது, பிள்ளை நல்ல வேலையில் இருந்தால் கிடைக்காது, சீட்டுப் பணம் வங்கியில் இருந்தால் பிடிபடுவோம் என்று எங்களுக்குள் உலவும் கதைகள் எல்லாம் இந்த இரண்டு கொடுப்பனவுகளைப் பொறுத்தவரை பொய். எங்களிடையே இத்தனை கணக்காளர்கள் இருந்தும், இந்தப் பொய்யை உடைக்க ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கவில்லை.

பிப் விண்ணப்பத்தில் கேட்பது நோயின் பெயரை மட்டுமில்லை. சமைத்தல், சாப்பிடுதல், குளித்தல், உடுத்தல், மலசலகூடம் போதல் போன்ற 10 அன்றாடச் செயல்களும் நடமாட்டம் தொடர்பான 2 செயல்களும் ஒவ்வொன்றாகக் கேட்கப்படும். ஒரு செயலை ஆபத்தில்லாமல், ஒழுங்காக, தேவையான ஒவ்வொரு முறையும், நியாயமான நேரத்துக்குள் செய்ய முடிகிறதா என்பதுதான் அளவுகோல். இங்கேதான் எங்கள் வளர்ப்பு அவர்களைக் கவிழ்த்தது. யார் சுகம் கேட்டாலும் “பரவாயில்லை, சமாளிக்கிறன்” என்று சொல்லப் பழக்கியிருக்கிறோம். மதிப்பீட்டாளரிடமும் அதையே சொன்னார்கள். குளிப்பாட்டுவது மனைவி என்பதைச் சொல்ல ஆணுக்கு வெட்கம். மாதவிடாய்க் காலத்தில் உதவி தேவை என்பதை அண்ணன் முன்னால் சொல்லத் தங்கைக்கு வெட்கம். மொழிபெயர்க்கப் போன உறவினர் குடும்ப மானத்தைக் காப்பதாக நினைத்து உண்மையில் பாதியை விழுங்கினார். பல வீடுகளில் பள்ளிக்கூடப் பிள்ளைதான் மொழிபெயர்ப்பாளர். தகப்பனால் சிறுநீரை அடக்க முடியாது என்பதைப் பன்னிரண்டு வயது மகள் ஓர் அந்நியருக்கு ஆங்கிலத்தில் விளக்கும்படி விட்டோம். மொழிபெயர்ப்பாளரை இலவசமாகக் கேட்கலாம் என்று அந்தப் பிள்ளைக்கு நாங்கள் சொல்லவில்லை.

விண்ணப்பம் மறுக்கப்பட்டால் ஒரு மாதத்துக்குள் மறுபரிசீலனை கேட்கலாம், அதற்கும் பிறகு தீர்ப்பாயத்துக்குப் போகலாம். பிப் தொடர்பாகத் தீர்ப்பாய விசாரணை வரை போகும் மேன்முறையீடுகளில் பாதிக்கு மேல் விண்ணப்பதாரருக்குச் சாதகமாகவே முடிகின்றன. எங்களவர்கள் மறுப்புக் கடிதத்தை மடித்து அலுமாரியில் வைத்தார்கள். அரசாங்கத்தோடு மல்லுக்கட்டினால் வதிவிட உரிமைக்கு இடைஞ்சல் வரும் என்ற பயம் அகதியாக வந்தவரின் எலும்பில் ஊறியது. நிரந்தர வதிவிடம் கிடைத்தவர் தனக்குரியதைக் கேட்பதில் பிழையில்லை என்று விளக்க எங்கள் சட்டத்தரணிகளால் முடிந்திருக்கும். பொது நிதி பெறமுடியாது என்ற நிபந்தனையோடு இருப்பவரின் நிலை வேறு. அவர் இந்தக் கொடுப்பனவுகளுக்கு விண்ணப்பித்தால் உண்மையிலேயே சிக்கல் வரும். ஆனால் உள்ளூராட்சி மன்றம் தரும் சமூகப் பராமரிப்பு அந்தத் தடைக்குள் அடங்காது. அவருக்குத்தான் சமூகத்தின் பணமும் தகுந்த சட்ட ஆலோசனையும் முதலில் போயிருக்கவேண்டும். அவருடைய குடிவரவு வழக்கு முடியும்வரை நாங்கள் அவரைத் தவிர்த்தோம்.

பராமரிப்பவரையும் மறந்தோம். வாரத்துக்குக் குறைந்தது 35 மணித்தியாலம் பராமரிப்பவர், தகுதி இருந்தால், கெயரர்ஸ் அலவன்ஸ் பெறலாம். 2025–26இல் அது வாரம் 83.30 பவுணாக இருந்தது. பிள்ளையைத் தூக்கித் தூக்கி நாரி முறிந்த தாய்க்கு, “கடவுள் உங்களுக்கு நல்ல பொறுமை தந்திருக்கிறார்” என்று சொல்லிவிட்டு வந்தோம். நரம்பு நோய், நீரிழிவு உள்ளவருக்கு மட்டுமல்லாமல் அவரைப் பராமரிப்பவருக்கும் காய்ச்சல் தடுப்பூசி இலவசம் என்பதையும், கருமையான தோலுள்ளவர்கள் ஆண்டு முழுவதும் நாளுக்கு 10 மைக்ரோகிராம் விற்றமின் டி எடுக்க யோசிக்கும்படி சுகாதார சேவை சொல்வதையும், எங்கள் வைத்தியர்கள் வானொலியில் நாலு வரியில் சொல்லியிருக்கலாம். அந்த நேரம் தங்க நகை விளம்பரத்துக்குப் போனது.

கோவில்கள் சிலருக்கு மட்டுமே திறந்திருந்தன. பழைய தேவாலயக் கட்டடங்களை வாங்கினோம், விக்கிரகங்களை ஊரிலிருந்து கொண்டுவந்தோம், படிகளை அப்படியே விட்டோம். சப்பாத்தைக் கழற்றச் சொன்னோம். செயற்கைக் கால் சப்பாத்தின் குதி உயரத்துக்கேற்ப அளவிட்டுப் பொருத்தப்பட்டது என்பதையும், சப்பாத்தைக் கழற்றினால் அதை அணிந்தவர் நிலை தடுமாறுவார் என்பதையும் எங்களில் ஒருவரும் விசாரிக்கவில்லை. வருவதை அவர் நிறுத்தினார். பக்தி குறைந்துவிட்டது என்று பேசிக்கொண்டோம். குளிர்காலத்தில் மனிதரைத் தேடிப் போகக்கூடிய ஒரே சூடான இடத்தையும் அவருக்கு அடைத்துவிட்டோம். பூப்புனித நீராட்டு விழாவுக்கும் கலியாணத்துக்கும் அவருடைய குடும்பத்தை அழைத்தபோது, அவரைக் கூட்டிவருவது கஷ்டம்தானே என்று நாங்களே முடிவுசெய்தோம்.

அரசின் பிழைகள் பெரியவை. குளிர்கால எரிபொருள் கொடுப்பனவு ஓய்வூதிய வயதுக்காரருக்கு மட்டுமே. நாற்பது வயதில் சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு அது இல்லை. பனிக்காலத்துக்கான 25 பவுண் கொடுப்பனவு, ஏழு நாட்கள் தொடர்ந்து சராசரி வெப்பநிலை பூச்சியத்திலோ அதற்குக் கீழோ இருந்தால், அல்லது இருக்கும் என்று முன்னறிவிக்கப்பட்டால்தான் வரும். அதுவும் யுனிவேர்சல் கிரெடிட் போன்ற குறிப்பிட்ட உதவிகள் பெறுபவருக்கு மட்டும். மின்கட்டணத்தில் 150 பவுண் கழிக்கும் வோர்ம் ஹோம் திட்டத்தில் 2022இல் விதி மாறியபோது, பிப் மட்டும் பெறுபவர்கள் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் விடுபட்டார்கள். ஸ்கொட்லாந்தில் 2020 முதல் கடும் பராமரிப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்கென்றே தனிக் குளிர்காலக் கொடுப்பனவு இருக்கிறது. இங்கிலாந்தில் அப்படி ஒன்று ஏன் இல்லை என்று, தேர்தல் காலத்தில் எங்கள் மண்டபங்களுக்கு வந்து மாலை வாங்கிப்போன வேட்பாளர்களிடம் கேட்டிருக்கவேண்டும். மாற்றுத்திறனாளிகள் தாங்களே நாடாளுமன்றத்தின் முன் நின்றபோது எங்கள் பதாகை அங்கே இருக்கவில்லை. அரசைக் குறைசொல்லும் உரிமை எங்களுக்கு உண்டு என்றாலும், அதன் பின்னால் ஒளிய முடியாது.

இனி என்ன செய்வது என்பதில் மயக்கமில்லை. நாங்கள் நிதி சேர்க்கும் ஒவ்வொரு நிகழ்வுக்கும் ஒரு ஆலோசனை மேசை வேண்டும். பிப், அற்றெண்டன்ஸ் அலவன்ஸ் விண்ணப்பங்களை எழுதத் தெரிந்தவர்கள் அங்கே இருக்கவேண்டும். தெரியாவிட்டால், இலவச ஆலோசனை தரும் சிற்றிசன்ஸ் அட்வைஸிடம் பயிற்சி கேட்போம். மதிப்பீட்டுக்குக் குடும்பத்தைச் சேராத, வாய்மூடி இரகசியம் காக்கும் ஒருவர் துணைக்குப் போகவேண்டும். கடைகளில் டொப்-அப் இயந்திரத்துக்குப் பக்கத்தில் முன்னுரிமைச் சேவைப் பதிவேட்டைப் பற்றித் தமிழில் ஒரு அறிவித்தல் ஒட்டப்படவேண்டும். கோவில்களின் அடுத்த திருப்பணி சாய்தளமாக இருக்கட்டும். விடுபட்ட கொடுப்பனவுகளுக்காக நாடாளுமன்ற உறுப்பினருக்கு எழுதும் கடிதத்தில் சங்கங்கள் எல்லாம் சேர்ந்து கையெழுத்திடட்டும். இவை எல்லாவற்றிலும் முடிவெடுக்கும் கதிரைகளில் மாற்றுத்திறனாளிகளே அமரவேண்டும். அவர்களுக்காகப் பேசுகிறோம் என்று சொல்லி அவர்களைப் பேசவிடாததும் எங்கள் குற்றங்களில் ஒன்று.

முல்லைத்தீவுக்கு அனுப்பும் பணத்தில் ஒரு சதமும் குறையவேண்டாம். அதே மனசை நவம்பர் முதல் மார்ச் வரை எங்கள் சொந்த வீதிக்கும் கொண்டுவருவோம். இந்த வருட நிர்வாகக் கூட்டத்தின் முதல் தீர்மானமாக இதை எழுதுவோம். அடுத்த வருடக் கணக்கறிக்கையில், எத்தனை விண்ணப்பங்களுக்குத் துணை நின்றோம், எத்தனை வீடுகளுக்குப் போனோம் என்பதை வரவு செலவுக்கு முன்னால் வாசிப்போம். அந்த அறிக்கையை வாசிக்க முடியாத சங்கம் தன் உறுப்பினர்களிடம் எழுந்து நின்று காரணம் சொல்லட்டும்.