கரோல் பாக் வீட்டை விற்று ஓய்வுக்காலக் குடியிருப்புக்குப் போகலாமா? தயங்கும் துணையின் கேள்விகளே முதல் கணக்கு

புது தில்லி: கரோல் பாக்கின் மேற்கு விரிவாக்கப் பகுதியில், லிஃப்ட் இல்லாத பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடியில் குடியிருப்பவர்களுக்கு எழுபது வயதைத் தாண்டியதும் முதலில் சுருங்குவது வெளியே போகும் தடவைகள்தாம். அஜ்மல் கான் சாலையும் ஆர்ய சமாஜ் சாலையும் கூப்பிடு தூரத்தில் இருந்தாலும், காய்கறி என்னவோ பால்கனியிலிருந்து கயிற்றில் இறக்கும் கூடை வழியாகத்தான் மேலே வருகிறது. 2005 டிசம்பர் 31 முதல் கரோல் பாக்கில் மெட்ரோ ரயில் ஓடுகிறது. ஆனால் மூட்டுவலிக்காரருக்கு நிலையத்தைக் காட்டிலும் தம் வீட்டுப் படிக்கட்டுதான் நீண்ட பயணம்.

இத்தகைய வீடுகளில் இன்று எழும் பேச்சு ஏறத்தாழ ஒரே மாதிரியானது. ‘இதை விற்றுவிட்டுக் கோவையில் முதியோருக்கான குடியிருப்பு வளாகத்துக்குப் போய்விடலாம்’ என்கிறார் தம்பதியரில் ஒருவர். மற்றவர் உடன்படுவதில்லை. பிள்ளைகள் அமெரிக்காவிலோ பெங்களூரிலோ இருந்துகொண்டு தொலைபேசியில் சமாதானம் செய்கிறார்கள். தயங்குபவரை எப்படிச் சம்மதிக்க வைப்பது என்பதே அந்த உரையாடலின் மையமாகிவிடுகிறது. அவர் ஏன் தயங்குகிறார் என்று கேட்டால், தரகரும் விளம்பரக் கையேடும் சொல்லாத பல கணக்குகள் வெளிவரும்.

தலைநகர் புது தில்லிக்கு மாறிய பிறகு, மத்திய அரசு அலுவலகங்களில் எழுத்தர்களாகவும் கணக்கர்களாகவும் வந்து சேர்ந்த தமிழ்க் குடும்பங்கள் வேர்பிடித்த இடங்களுள் கரோல் பாக் முக்கியமானது. பூசா சாலையில் உள்ள தில்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளி அதற்குச் சாட்சி. அடுத்த தலைமுறை மயூர் விஹார், துவாரகா, நொய்டா என்று நகர்ந்துவிட, பெற்றோர் பலர் பழைய வீட்டிலேயே தங்கினர்.

இது கரோல் பாக்குக்கு மட்டும் உரிய நிலையன்று. ஐ.நா. மக்கள்தொகை நிதியமும் மும்பையில் உள்ள சர்வதேச மக்கள்தொகை அறிவியல் நிறுவனமும் இணைந்து 2023 செப்டம்பரில் வெளியிட்ட இந்திய முதுமை அறிக்கையின்படி, 2022-இல் நாட்டில் 60 வயதைக் கடந்தோர் 14.9 கோடி பேர், மக்கள்தொகையில் 10.5 சதவீதம். 2050-இல் இது 34.7 கோடியாக, 20.8 சதவீதமாக உயரும் என அறிக்கை மதிப்பிடுகிறது. அதே அறிக்கையில் அதிகம் பேசப்படாத மற்றொரு கணக்கும் உண்டு. 60 வயதை எட்டிய இந்திய ஆண் சராசரியாக மேலும் 17.5 ஆண்டுகளும், பெண் 19 ஆண்டுகளும் வாழ்கின்றனர். கணவரைவிட மனைவி நான்கைந்து வயது இளையவராக இருப்பது நம் வழக்கம். இரண்டையும் கூட்டினால், புதிய வளாகத்தில் கடைசி ஐந்தாறு ஆண்டுகள் தனியாக வாழப்போவது பெரும்பாலும் மனைவிதான். அவர் தயங்குகிறார் என்றால், அங்கே அதிக காலம் இருக்கப்போகிறவர் தயங்குகிறார் என்று பொருள்.

பெயரில் இருக்கும் தடை

தயக்கத்தின் முதல் காரணம் சொல்லிலேயே இருக்கிறது. ‘முதியோர் இல்லம்’ என்றதும் பிள்ளைகளால் கைவிடப்பட்டவர்களின் இடம் என்ற எண்ணம் தமிழ்க் குடும்பங்களில் ஆழப் பதிந்துள்ளது. ஓய்வுக்காலக் குடியிருப்பு வேறு வகை. இங்கே தனி வீடு உண்டு. பொதுச் சமையற்கூடம், மருத்துவ உதவி, கைப்பிடி வைத்த குளியலறை, அவசர அழைப்பு மணி ஆகியவற்றுக்கு மாதக் கட்டணம் செலுத்தப்படுகிறது. கோவையில் கர்னல் ஸ்ரீதரனின் கோவைகேர் நிறுவனம் இத்துறையின் முன்னோடிகளுள் ஒன்று. தெற்கே செல்ல விரும்பாத தில்லிவாசிகளுக்கு ராஜஸ்தானின் பிவாடியில் ஆஷியானா உத்சவ், டேராடூனில் மேக்ஸ் குழுமத்தின் அந்தரா போன்ற வளாகங்கள் உள்ளன. ஆனாலும் உறவினர் வீட்டுத் திருமணத்தில் ‘இப்போது எங்கே இருக்கிறீர்கள்?’ என்று கேட்கப்படும்போது பதில் சொல்லவேண்டியவர் பெரும்பாலும் மனைவி. விளம்பரக் கையேட்டில் உள்ள நுணுக்கமான வேறுபாடு அங்கே எடுபடுவதில்லை.

இரண்டாவது காரணம் ‘சொந்த ஊர்’. ஊர் திரும்பும் கனவு பல நேரங்களில் கணவரின் கனவு. அந்த ஊரும் கணவரின் ஊர். நாற்பது ஆண்டுகள் அவர் அலுவலகம் சென்று வந்தபோது, இந்தி கற்று, எதிர்வீட்டுப் பஞ்சாபிக் குடும்பத்தோடு பழகி, மருந்துக்கடைக்காரரையும் பூக்காரரையும் தெரிந்துவைத்துக்கொண்டு ஊரை உருவாக்கியவர் மனைவி. பிறந்த மண்ணுக்குத் திரும்புவது கணவருக்கு வீடு திரும்புவதாக இருக்கலாம். மனைவிக்கு அது இரண்டாவது புலம்பெயர்வு.

எல்லா வீடுகளிலும் மனைவிதான் மறுக்கிறார் என்றும் கொள்ள முடியாது. ஐம்பது ஆண்டுகளாக மூன்று வேளையும் சமைத்தவருக்குப் பொதுச் சமையற்கூடம் பெரிய விடுதலை. அத்தகைய வீடுகளில் மறுப்பவர் கணவராக இருப்பார். பழைய அலுவலக நண்பர்கள், பூங்கா நடை, பழகிய மருத்துவர் என்று அவருக்கும் காரணங்கள் உண்டு.

ஓய்வூதியம் குறையும்போது

தயக்கத்தை ஒதுக்கிவைத்தாலும் பணக்கணக்கு தனியே நிற்கிறது. கரோல் பாக்கின் முதிய தமிழ்க் குடும்பங்களில் மத்திய அரசு ஓய்வூதியம் பெறுவோர் கணிசம். பழைய ஓய்வூதியத் திட்டத்தில் ஓய்வூதியம் கடைசி அடிப்படைச் சம்பளத்தில் 50 சதவீதம். ஓய்வூதியர் மறைந்தபின் துணைக்குக் கிடைக்கும் குடும்ப ஓய்வூதியத்தின் சாதாரண விகிதம் 30 சதவீதம். கூடுதல் விகிதம் ஏழு ஆண்டுகள் அல்லது மறைந்தவருக்கு 67 வயது நிறைந்திருக்கக்கூடிய நாள், இவற்றில் எது முந்தையதோ அதுவரையே. எழுபதைத் தாண்டியவர்களுக்கு அந்தச் சலுகை பொருந்தாது.

கடைசி அடிப்படைச் சம்பளம் 80,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அகவிலை நிவாரணம் நீங்கலாக ஓய்வூதியம் 40,000 ரூபாய். கணவர் மறைந்த மறு மாதம் முதல் மனைவிக்கு 24,000 ரூபாய். வருமானம் 40 சதவீதம் குறைகிறது. செலவோ அதே அளவில் குறைவதில்லை. உணவுக் கட்டணம் ஆள் கணக்கில் வசூலிக்கப்படுவதால் பாதியாகும். பராமரிப்புக் கட்டணம் பல வளாகங்களில் வீட்டின் சதுர அடிக் கணக்கில் வசூலிக்கப்படுகிறது. வீட்டில் ஒருவர் இருந்தாலும் இருவர் இருந்தாலும் அது ஒன்றே. அந்தக் கட்டணம் ஆண்டுதோறும் உயரவும் செய்யும். 80 வயது நிறைந்தால் குடும்ப ஓய்வூதியம் 20 சதவீதம் கூடும் என்பது ஆறுதல். ஆனால் 74 வயதில் தனித்துவிடப்பட்டவர் அதற்கு ஆறு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். ஆகவே, ‘நம்மால் கட்ட முடியுமா?’ என்ற கேள்வியை இன்றைய ஓய்வூதியத்தை வைத்து மட்டும் கேட்பது அரைக் கணக்கு. குடும்ப ஓய்வூதியத்தை வைத்துக் கேட்டு அப்போதும் ‘முடியும்’ என்று வந்தால்தான் கணக்கு முழுமை பெறும்.

மருத்துவமும் இதில் சேர்கிறது. மத்திய அரசு சுகாதாரத் திட்டத்தின் மையங்கள் தில்லியில் இருப்பதுபோல் மற்ற நகரங்களில் அடர்த்தியாக இல்லை. அத்திட்டம் எட்டாத இடங்களில் வசிக்கும் ஓய்வூதியருக்கு மாதம் 1,000 ரூபாய் நிலையான மருத்துவப்படி உண்டு. இன்றைய மருந்து விலையில் அது எதற்குப் போதும் என்பதை வாசகர்களே அறிவர். 70 வயதைக் கடந்த அனைவருக்கும் வருமான வரம்பின்றி, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை வழங்கும் ஆயுஷ்மான் பாரத் விரிவாக்கம் 2024 அக்டோபர் 29 அன்று தொடங்கிவைக்கப்பட்டது. ஆனால் மத்திய அரசுத் திட்டத்தில் இருப்பவர் இரண்டில் ஒன்றையே தேர்ந்தெடுக்க முடியும்.

வீடு யார் பெயரில்?

பழைய வீட்டின் பத்திரம் கணவர் பெயரில் மட்டும் இருந்தால், அதை விற்க மனைவியின் கையெழுத்தைச் சட்டம் பொதுவாகக் கோருவதில்லை. போர்த்துக்கீசியர் கால உரிமையியல் சட்டம் தொடரும் கோவாவில் நிலை வேறு; அங்கே தம்பதியரின் பொதுச்சொத்தை விற்க இருவரின் ஒப்புதலும் தேவை. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005, பகிர்ந்து வாழும் வீட்டில் வசிக்கும் உரிமையைப் பெண்ணுக்கு அளிக்கிறது. அந்த வீடு கணவரின் உறவினருக்குச் சொந்தமானதாக இருந்தாலும் உரிமை பொருந்தக்கூடும் என்று சதீஷ் சந்தர் அகுஜா வழக்கில் 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. எனினும் அது வசிக்கும் உரிமையே தவிர, விற்பனைத் தொகையில் பங்கு தரும் உரிமை அன்று. ஆதலால் புதிய வீட்டின் ஆவணத்தில் இருவர் பெயரும் இருக்கிறதா என்பது சடங்கான கேள்வி ஆகாது.

புதிய வீடு எந்த முறையில் கிடைக்கிறது என்பதும் முக்கியம். சில வளாகங்களில் விலைக்கு வாங்கலாம். சிலவற்றில் பெருந்தொகையை வைப்பாகச் செலுத்தி ஆயுள் வரை குடியிருக்கலாம். சிலவற்றில் மாத வாடகை. வைப்புத்தொகை முறையில் ஒருவர் மறைந்தால் மற்றவர் அதே நிபந்தனையில் தொடரலாமா, தொகையில் எவ்வளவு பிடித்தம், எத்தனை மாதத்தில் திரும்பும் ஆகிய மூன்றும் எழுத்தில் இருந்தாக வேண்டும். வரியும் இங்கே குறுக்கிடுகிறது. பழைய வீட்டை விற்ற ஆதாயத்தை உரிய காலத்துக்குள் மற்றொரு குடியிருப்பு வீட்டில் முதலிட்டால் மூலதன ஆதாய வரிவிலக்கு பெறலாம். திரும்பப் பெறக்கூடிய வைப்புத்தொகை வீடு வாங்கியதாகாது. பல பத்தாண்டுகளுக்கு முன் வாங்கிய கரோல் பாக் வீட்டுக்கு இந்த ஒரு வேறுபாடே பல லட்ச ரூபாயாக முடியலாம். விற்பனை ஒப்பந்தத்துக்கு முன்பே கணக்காயரைப் பார்ப்பது நல்லது.

மத்திய வீட்டுவசதி, நகர்ப்புற விவகார அமைச்சகம் 2019-இல் ஓய்வுக்கால இல்லங்களுக்கான மாதிரி வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. சக்கர நாற்காலி செல்லும் லிஃப்ட், வழுக்காத தரை, கைப்பிடிகள், மின்தடைக்கு மாற்று ஏற்பாடு ஆகியவற்றோடு, கட்டுநர், சேவை நிறுவனம், வீடு பெறுபவர் ஆகிய மூவரும் கையெழுத்திடும் முத்தரப்பு ஒப்பந்தத்தையும் அது பரிந்துரைத்தது. கட்டுநர் வீடுகளை விற்றுவிட்டு விலகிய பின் சமையற்கூடத்தையும் செவிலியரையும் யார் நடத்துவது என்ற சிக்கலுக்கு அதில் விடை உண்டு. ஆனால் மாதிரி நெறி மாநிலங்கள் ஏற்று விதியாக்கினால்தான் கட்டுப்படுத்தும். அதுவரை பொறுப்பு வாங்குபவரின் தலையில்தான்.

இவ்வளவு சொன்ன பிறகு, ‘அப்படியானால் போகாமலே இருந்துவிடலாம்’ என்ற முடிவும் எளிதானதன்று. 2024 நவம்பர் 18 அன்று தில்லியின் காற்றுத் தரக் குறியீடு 490-ஐக் கடந்தது. நுரையீரல் நோயுள்ள முதியவருக்கு அந்த வாரத்தைக் கடப்பதே பெரும்பாடு. மூன்றாவது மாடியில் ஒருவர் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், பிறகு எடுக்கப்படும் முடிவு தம்பதியருடையதாக இராது. விமானத்தில் வந்து இறங்கும் பிள்ளைகள் நான்கு நாள் விடுப்புக்குள் எடுக்கும் முடிவாக இருக்கும். மறுப்பவர் இதையும் தம் கணக்கில் சேர்த்தே ஆக வேண்டும்.

இரு தரப்புக்கும் இடையே பேரம் பேச இடம் இருக்கிறது. தில்லி வீட்டை விற்காமல் பூட்டிவைத்தோ 11 மாத ஒப்பந்தத்தில் வாடகைக்கு விட்டோ, வளாகத்தில் வாடகை வீடோ விருந்தினர் அறையோ எடுத்துத் தங்கிப் பார்க்கலாம். தங்குவது இரண்டு நாள் சுற்றுலாவாக இருந்தால் பயனில்லை. பண்டிகை வந்து, ஒருவருக்குக் காய்ச்சல் வந்து, சமையற்கூடச் சாம்பார் அலுத்துப்போகும் அளவுக்கு அது நீள வேண்டும். தில்லியில் காற்று மோசமாகும் நவம்பர் தொடக்கத்திலிருந்து பிப்ரவரி இறுதி வரை என்றால் நான்கு மாதம் கிடைக்கிறது. தீபாவளியை ஒட்டிப் புறப்பட்டு, பொங்கலை அங்கே கொண்டாடி, ஹோலிக்குள் கரோல் பாக் திரும்பிவிடலாம். வீட்டை விற்பது பற்றிய பேச்சை அதன் பிறகு, தயங்கியவரே தொடங்கட்டும் என்று முன்கூட்டியே ஒப்புக்கொள்வதில் மற்றவருக்குப் பெரிய இழப்பு ஏதுமில்லை.