நிரந்தரம் என்றால் எத்தனை ஆண்டு?

பல் லேப்பின் பின்னறையில் இன்று பிளாஸ்டர் தூசியைவிடக் கணினித் திரையின் வெளிச்சம்தான் அதிகம். டாக்டர் அனுப்பும் ஸ்கேன் வந்து இறங்குகிறது. டெக்னீஷியன் அதில், கிரவுன் எனப்படும் பல் உறையின் விளிம்பான மார்ஜின் கோட்டை வரைகிறார். எதிர்ப்பல் மோதாதபடி உயரத்தைக் குறைக்கிறார். பக்கத்துப் பல் தொடும் இடத்தைச் சரிபார்க்கிறார். ஜிர்கோனியா சூளையில் வேகும்போது ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் சுருங்கும். ஆகவே மென்பொருள் அந்தக் கணக்கைப் போட்டு, கிரவுனை முன்கூட்டியே பெரிதாக்கித்தான் மில்லிங் மெஷினுக்கு அனுப்புகிறது. ஏறத்தாழ 1,500 டிகிரியில் வெந்து வெளியே வரும்போது அது ஒரு மனிதரின் வாயில் உறுத்தாமல் உட்கார வேண்டும். ஒரு காலத்தில் மெழுகும் கத்தியும் செய்த வேலை இது.

அந்த மென்பொருளுக்காகக் கடன் வாங்கிய லேப் உரிமையாளர்கள் உண்டு. வீட்டு நகையை அடகு வைத்தவர்களும் உண்டு. டீலர் தந்த கொட்டேஷனில் 'நிரந்தர உரிமம்' என்று இருக்கும். ஒருமுறை பணம் கட்டினால் போதும், ஃபர்னஸைப் போல இதுவும் நம் பொருள் என்று நம்பி வாங்குகிறார்கள். அப்படி நம்பியதில் தவறில்லை. நம் மொழியில் நிரந்தரம் என்ற சொல்லுக்கு வேறு பொருள் கிடையாது. ஒப்பந்தத்தின் உள்ளேயோ, அன்றைக்கு இருந்த ஒரு பதிப்பைப் பயன்படுத்தும் அனுமதி என்பதே அதன் பொருளாக இருக்கிறது.

வித்தியாசம் சில ஆண்டுகள் கழித்துத்தான் தெரியவரும். டாக்டர் புதிய ஸ்கேனர் வாங்கியிருப்பார். அதன் ஃபைலைப் பழைய பதிப்பு சரியாக ஏற்காது. இம்பிளான்ட் நிறுவனம் புதிய லைப்ரரி வெளியிட்டிருக்கும். அதை ஏற்றப் புதிய பதிப்பு கேட்கும். வருடாந்தரக் கட்டணத்தை இடையில் நிறுத்திவிட்டு இப்போது புதுப்பிக்கப் போனால், விட்டுப்போன ஆண்டுகளுக்கும் சேர்த்துக் கட்டச் சொல்பவர்கள் உண்டு. விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்பு மேம்பாடு 2025 அக்டோபர் 14 அன்று நின்றது. அதற்காகக் கணினியை மாற்றினால் பழைய மென்பொருள் புதியதில் ஓடுமா என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. உரிமத்தின் சாவியான யூ.எஸ்.பி. டாங்கிள் தொலைந்துவிட்டால், பல ஒப்பந்தங்களின்படி, உரிமமே தொலைந்த கணக்கு. வாங்கிய உரிமத்தை யாரும் பறிக்கவில்லை. சுற்றியிருந்த எல்லாம் நகர்ந்துவிட்டதால் அது பயனற்றுப் போனது.

பிற துறைகள் இதைக் கடந்துவிட்டன. அடோபி 2013-இல் சந்தா முறைக்கு மாறியது. ஆட்டோடெஸ்க் 2016-இல் நிரந்தர உரிம விற்பனையை நிறுத்தியது. பல் லேப் மென்பொருளும் அந்தத் திசையில்தான் போகிறது. சந்தாவே கூடாது என்று நாம் சொல்லவில்லை. புதுப்புது ஸ்கேனர்களுக்கும் பொருள்களுக்கும் ஏற்ப மென்பொருளைத் திருத்திக்கொண்டே இருக்கும் பொறியாளர்களுக்கு மாதம்தோறும் சம்பளம் வேண்டும். ஒருமுறை வாங்கிய விலையில் அதை என்றென்றும் கொடுக்க யாராலும் முடியாது. இதை லேப்காரர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். நாம் கேட்பது, சொன்ன சொல்லுக்குப் பொருள் இருக்க வேண்டும் என்பதைத்தான். எத்தனை ஆண்டு பராமரிப்பு, எந்த விண்டோஸ் வரை ஓடும், புதுப்பிக்காவிட்டால் எது நிற்கும், டாங்கிள் தொலைந்தால் என்ன செலவு என்பதெல்லாம் கொட்டேஷனின் முதல் பக்கத்திலேயே, விலைக்குப் பக்கத்திலேயே, வாங்குபவருக்குப் புரியும் மொழியில் இருக்கட்டும். இதற்கு டீலரும் பொறுப்பு. ஊர்க்காரர் என்ற நம்பிக்கையில்தான் அவரிடம் வாங்குகிறார்கள்.

லேப்காரர்களின் பக்கமும் சுத்தமாக இல்லை. கிராக் பதிப்பை ஓட்டும் லேப்கள் உண்டு என்பது தொழிலில் எல்லோரும் அறிந்ததே. நோயாளியின் பெயரும் வாயின் வடிவமும் கிடக்கும் கணினியில், எங்கிருந்து வந்தது என்றே தெரியாத ஒரு ஃபைலை ஓடவிடுவது பெரிய தவறு. அதைவிட, நேர்மையாகப் பணம் கட்டிய பக்கத்து லேப்பின் குரலை அது பலவீனமாக்குகிறது. பல் டாக்டர்களுக்கும் இதில் பங்கு உண்டு. கிரவுன் விலையை லேப்பில் அடித்துப் பேசிக் குறைத்துவிட்டு, புதிய ஸ்கேனரின் ஃபைலை மறுநாளே ஏற்கவேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமா? மென்பொருள் புதுப்பிக்கும் செலவும் அந்தக் கிரவுனின் செலவுதான்.

சட்டம் நம்மைக் கைவிடவில்லை. நாம்தான் அதை எடுத்துப் பார்ப்பதில்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, வணிக நோக்கில் வாங்குபவரை விலக்கினாலும், சுயதொழில் மூலம் பிழைப்புக்காக மட்டும் பயன்படுத்துபவரை நுகர்வோராகவே கருதுகிறது. ஓரிரு உதவியாளர்களை வைத்துக்கொண்டு தானே இயந்திரத்தை இயக்குபவரும் நுகர்வோரே என்பதை உச்ச நீதிமன்றம் 1995-இலேயே தெளிவாக்கியது. பின்கட்டில் தானே டிசைன் செய்யும் சிறிய லேப் உரிமையாளர் இந்த வரையறைக்கு மிக நெருக்கமானவர். அதே 2019 சட்டம் 'நியாயமற்ற ஒப்பந்தம்' எது என்றும் சொல்கிறது: தக்க காரணமின்றி ஒருதலையாக முடித்துக்கொள்வதும், நியாயமற்ற கட்டணமோ நிபந்தனையோ சுமத்துவதும் அதில் அடங்கும். மாநில நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். ஐரோப்பாவில், 2012 ஜூலை 3 அன்று, ஆரக்கிளுக்கும் பழைய உரிமங்களை விற்ற யூஸ்ட்சாஃப்ட் என்ற ஜெர்மன் நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கில், காலவரையின்றிப் பயன்படுத்த விலை வாங்கினால் அது விற்பனைதான், வாங்கியவர் அதை மறுவிற்பனை செய்யலாம் என்று ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கடையை மூடும் ஒரு லேப் தன் உரிமத்தை இன்னொருவருக்குத் தரும் உரிமையை இங்கேயும் லேப் சங்கங்கள் கேட்கலாம்.

எனக்கு எல்லாவற்றிலும் பெரிய கவலை நோயாளியைப் பற்றியது. கிரவுனின் ஆயுள் மென்பொருள் பதிப்பின் ஆயுளைவிட நீண்டது. பத்தாண்டு கழித்துப் பக்கத்துப் பல்லுக்காக அவர் வரும்போது பழைய டிசைனைத் திறக்க வேண்டியிருக்கும். எஸ்.டி.எல். ஃபைலாக வைத்திருந்தால் அதில் இருப்பது வெறும் முக்கோணங்களால் ஆன மேற்பரப்பு; மார்ஜின் எங்கே வரையப்பட்டது, இடைவெளி எவ்வளவு விடப்பட்டது என்பதெல்லாம் மென்பொருளின் சொந்த ஃபைலில் பூட்டிக் கிடக்கும். பூட்டைத் திறக்கும் சாவி அன்றைக்கு யாரிடம் இருக்கும்? கட்டணம் நின்றாலும் பழைய கேஸ்களைத் திறந்து பார்க்கவும், வேறு மென்பொருளில் படிக்கும் வடிவில் எடுத்து வைக்கவும் வழி விட வேண்டும். இதில் மட்டும் விட்டுக்கொடுக்க முடியாது. லேப்களும் இன்றிலிருந்தே ஒவ்வொரு கேஸையும் எஸ்.டி.எல். ஆகவும் ஒரு குறிப்புத்தாளாகவும் தனியே சேமிக்கப் பழக வேண்டும்.

தனித்தனியாக விலை பேசுவதால்தான் சிறிய லேப்கள் தோற்கின்றன. குறு, சிறு நிறுவனக் குழுமங்களுக்குப் பொது வசதி மையம் அமைக்க மத்திய அரசின் திட்டம் இருக்கிறது. சென்னையிலோ கோவையிலோ பத்துப் பதினைந்து லேப்கள் சேர்ந்து, உரிம விதிகளுக்கு உட்பட்டு, ஒரு பொது டிசைன் மையத்தை நடத்தினால் புதுப்பிக்கும் செலவு பகிரப்படும். ஒப்பந்தத்தைப் படிக்க ஒரு வக்கீலை வைத்துக்கொள்ளவும் முடியும். அடுத்த சங்கக் கூட்டத்துக்கு ஒவ்வொருவரும் தத்தம் ஒப்பந்தத்தின் நகலைக் கையோடு எடுத்து வரட்டும். ஒரே மென்பொருளுக்கு யார் யார் என்ன விலை கொடுத்தோம், என்னென்ன நிபந்தனைக்குக் கையெழுத்திட்டோம் என்று மேசையில் விரித்துப் பார்க்கலாம்.