மறுபடியும் முதலிலிருந்தா? முதலில் தயாராகுங்கள்!

கம்ப்யூட்டர் கேம் என்றதும் "வேலை வெட்டி இல்லாதவர்கள் செய்வது" என்று முகம் சுளிப்பவர்கள் இந்தக் கட்டுரையைத் தாண்டிப் போய்விட வேண்டாம். ஜாம்பிகளிடமிருந்து தப்பிக்கும் ஒரு கேமை மறுபடி விளையாட எப்படித் தயாராவது என்பதுதான் விஷயம். ஆனால் சம்பளக் கணக்கை கம்ப்யூட்டரில் வைத்திருப்பவருக்கும், பிள்ளையின் ப்ராஜெக்ட்டை வைத்திருப்பவருக்கும் இதில் சேதி இருக்கிறது.

அருப்புக்கோட்டையில் என் அக்கா வீடு. மச்சான் சேலை வியாபாரம் செய்கிறார். தறிக்காரர்களுக்குக் கொடுக்கும் கூலிக் கணக்கை எழுதவும், கல்லூரியில் படிக்கும் மகனுக்காகவும் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார்கள். பகலில் அப்பா கணக்கு போடுவார். இரவில் மருமகன் ஜாம்பிகளோடு மல்லுக்கட்டுவான்.

அவன் விளையாடும் கேமின் பெயர் 'ப்ராஜெக்ட் ஜாம்பாய்ட்'. இண்டி ஸ்டோன் என்ற சிறிய குழு உருவாக்கியது. 2011-ல் முதலில் வெளியே வந்தது. 2013 நவம்பரில் ஸ்டீம் தளத்துக்கு வந்தது. ஜாம்பி என்றால் தெரியும்தானே? செத்த பிறகும் நடமாடி, கடித்து, கடிபட்டவரையும் தன்னைப் போல ஆக்கிவிடும் பிணம். 2016-ல் வந்த 'மிருதன்' படம் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. இந்தக் கேம் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், 1993 ஜூலையில் தொடங்குகிறது. ஊர் முழுக்கத் திறந்து கிடக்கும். எந்த வீட்டுக்குள்ளும் போகலாம், எந்தப் பாதையிலும் நடக்கலாம். 'இதைச் செய், அதைச் செய்' என்று கட்டளை எதுவும் வராது. ஜெயிப்பது என்பதே கிடையாது. எத்தனை நாள் உயிரோடு இருந்தீர்கள் என்பதுதான் கணக்கு.

முதல் ஆட்டத்தில் மருமகன் 16-வது நாள் செத்தான். 11-வது நாளே குழாயில் தண்ணீர் நின்றுவிட்டது. தாகத்தில் ஒரு வீட்டுக்குள் நுழைய, அலாரம் அலற, தெருவிலிருந்த அத்தனை ஜாம்பிகளும் வந்துவிட்டன. இரண்டாவது ஆட்டத்தில் 40 நாளைத் தாண்டினான். ஆனால் அந்த ஆட்டத்தை முடித்தது ஜாம்பி இல்லை, பார்மட்!

நடந்தது என்ன?

ஒரு நாள் மின்சாரம் போய்ப் போய் வந்ததில் விண்டோஸ் ஏறவில்லை. சர்வீஸ் செய்ய வந்தவர், "சி டிரைவை பார்மட் பண்ணணும், அதுல ஏதாச்சும் வேணுமா?" என்று கேட்டிருக்கிறார். கேமை டி டிரைவில்தான் நிறுவியிருந்தான் மருமகன். கணக்கு பைல்கள் டெஸ்க்டாப்பில்தான் இருக்கின்றன, சி டிரைவில் இல்லை என்று மச்சான் நினைத்துக் கொண்டார். "ஒண்ணும் வேணாம்" என்று இருவருமே சொல்லிவிட்டார்கள்.

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் இங்கே கொஞ்சம் நிறுத்திப் படியுங்கள். டெஸ்க்டாப் என்பது தனி இடம் அல்ல. சாதாரணமாக அது சி டிரைவில், யூசர்ஸ் போல்டருக்குள், உங்கள் பெயரில் உள்ள போல்டரில்தான் இருக்கிறது. டாக்குமெண்ட்ஸும் அப்படியே. கேமை எந்த டிரைவில் நிறுவினாலும் நீங்கள் விளையாடிச் சேர்த்தது அங்கே இருக்கும் என்று சொல்ல முடியாது. ப்ராஜெக்ட் ஜாம்பாய்ட் தன் ஆட்டங்களை அதே சி டிரைவில், உங்கள் பெயர் போல்டருக்குள், 'ஜாம்பாய்ட்' என்ற போல்டரில் 'சேவ்ஸ்' என்ற உள் போல்டரில் வைக்கிறது.

விளைவு? 40 நாள் ஆட்டம் போயிற்று. மூன்று மாதக் கூலிக் கணக்கும் போயிற்று. யாருக்கு எவ்வளவு முன்பணம், யாருக்கு எவ்வளவு பாக்கி என்பது தெரியாமல் போனால் அந்த வாரம் எத்தனை வீடுகளில் அடுப்பு எரியும் என்பதே கேள்வியாகிவிடும். அக்கா பழைய வழக்கத்தை விடாமல் ஒரு நோட்டிலும் எழுதி வைத்திருந்ததால் தப்பித்தார்கள். திரும்ப ஏற்ற நான்கு ராத்திரிகள் ஆயின. கேமுக்கு அப்படி ஒரு நோட்டு இல்லை!

"திரும்ப ஆரம்பிக்கிறேன் மாமா" என்று மறுநாளே கிளம்பினான். "இன்னைக்கு வேணாம். ஒரு சாயங்காலம் தயாராகு, அப்புறம் ஆரம்பி" என்றேன். அந்த ஒரு சாயங்காலத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

புதுசா, பழசா?

"ஆடியதையே ஏன் ஆட வேண்டும்? புதுக் கேம் வாங்கலாமே" என்று நண்பர்கள் சொல்வார்கள். புதுக் கேம் என்றால் புது கிராபிக்ஸ் கார்டு, கூடுதல் ராம், இன்னொரு எஸ்.எஸ்.டி. என்று செலவு தொடர்ந்து வரும். இந்தக் கேமின் 41-ம் பதிப்புக்கு 8 ஜிபி ராம், சுமார் 5 ஜிபி இடம் கேட்கிறார்கள். தனி கிராபிக்ஸ் கார்டும் வேண்டும் என்றுதான் போட்டிருக்கிறது. மருமகன் கம்ப்யூட்டரில் அது இல்லை. செட்டிங்கைக் குறைத்து வைத்து விளையாடுகிறான்; பெரிய கூட்டம் வரும்போது கொஞ்சம் திணறுகிறது, அவ்வளவுதான். என் கருத்து இதுதான்: முதல் கம்ப்யூட்டர் வாங்கிய முதல் வருடத்தில் புதுக் கேமுக்காகப் பணம் செலவழிக்காதீர்கள். இருப்பதைச் சரியாக ஆடக் கற்றுக் கொள்ளுங்கள். முதல் ஆட்டத்தில் பயம்தான் இருக்கும். இரண்டாவது ஆட்டத்தில்தான் புத்தி வேலை செய்யும்.

கம்ப்யூட்டரைத் தயார் செய்தல்

முதல் வேலை, பிரதி எடுப்பது. கேமை விட்டு முழுதாக வெளியே வாருங்கள். மேலே சொன்ன 'சேவ்ஸ்' போல்டருக்குப் போங்கள். உள்ளே ஆயிரக்கணக்கில் சின்னச் சின்ன பைல்கள் இருக்கும். அப்படியே பென் டிரைவில் காப்பி செய்தால் வெகு நேரம் ஆகும். எனவே போல்டர் மீது ரைட் கிளிக் செய்து, ஜிப் பைலாகச் சுருக்கி, அந்த ஒரே பைலை காப்பி செய்யுங்கள். பெயரில் தேதியைச் சேர்த்துவிடுங்கள். டி டிரைவில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று. டி டிரைவில் வைத்தது மட்டும் போதாது. ஹார்ட் டிஸ்க்கே போனால் இரண்டு டிரைவும் சேர்ந்தே போகும்.

இதை இந்தக் கேமை உருவாக்கியவர்களே பட்டுத் தெரிந்து கொண்டார்கள். 2011 அக்டோபரில் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் அவர்கள் வீட்டில் திருடர்கள் புகுந்து இரண்டு லேப்டாப்களை எடுத்துப் போய்விட்டார்கள். அண்மையில் செய்த வேலைக்கு வெளியே பிரதி இல்லை. கேம் எழுதுகிறவர்களுக்கே இந்த நிலை என்றால் நமக்கு?

இரண்டாவது, பதிப்பு. 2024 டிசம்பரில் 42-ம் பதிப்பைச் சோதனைக்கு விட்டார்கள். 41-ல் சேமித்த ஆட்டம் 42-ல் ஓடாது. எதில் ஆடப் போகிறீர்கள் என்பதை ஆரம்பிக்கும் முன்பே முடிவு செய்யுங்கள். பாதியில் மாற்றாதீர்கள். சோதனைப் பதிப்பு என்றால் அடுத்த அப்டேட்டில் ஆட்டம் கெட்டுப் போகலாம் என்று தெரிந்தே இறங்க வேண்டும்.

மூன்றாவது, யூ.பி.எஸ். 2012-ல் சென்னைக்கு வெளியே எத்தனை மணி நேர மின்வெட்டைப் பார்த்தோம் என்பது நினைவிருக்கும். இப்போது அந்த நிலை இல்லை. ஆனாலும் ஒரு நொடி போய் வந்தாலே டெஸ்க்டாப் கம்ப்யூட்டர் அணைந்துவிடும். எழுதிக் கொண்டிருந்த பைல் பாதியில் நின்று கெடும். யூ.பி.எஸ். இருக்கிறதே என்று தொடர்ந்து ஆடாதீர்கள். அது தருகிற சில நிமிடங்கள், ஒழுங்காக மூடுவதற்கு மட்டும்தான்.

நான்காவது, காசு கொடுத்து வாங்குங்கள். "பென் டிரைவில் ஏற்றித் தருகிறேன்" என்று சொல்பவர்களிடம் போகாதீர்கள். கேமோடு என்ன வருகிறது என்பது உங்களுக்கும் தெரியாது, கொடுப்பவருக்கும் தெரியாது. கூலிக் கணக்கு இருக்கும் கம்ப்யூட்டரில் இந்த விளையாட்டு வேண்டாம். 2011-ல் இந்தக் கேமின் திருட்டுப் பிரதி ஒன்று பரவியது. அதில் அப்டேட் பட்டனை அழுத்தும்போதெல்லாம் இண்டி ஸ்டோனின் சர்வரிலிருந்தே பைல் இறங்கி, அந்தச் செலவு அவர்கள் தலையில் விழுந்தது. அதனால் பணம் கொடுத்தவர்களுக்கான பதிப்பையே கொஞ்ச காலம் நிறுத்தி வைக்க வேண்டி வந்தது. சிறிய குழுவைத் திருட்டுப் பிரதி எப்படி அடிக்கும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

ஆட்டத்துக்குத் தயாராதல்

இதற்கு எங்களுக்கு வாத்தியார் கிடைத்தது எதிர்பாராத இடத்திலிருந்து. மருமகன் தன் முதல் சாவைப் பற்றி என்னிடம் புலம்பிக் கொண்டிருந்தபோது, திண்ணையில் பூக்கட்டிக் கொண்டிருந்த அவன் அப்பத்தா கேட்டார்: "குழாயில தண்ணி வந்த அன்னைக்கே குடத்துல பிடிச்சு வைக்கலையாய்யா நீ?"

அவன் பேசவே இல்லை. திருச்சுழிப் பக்கத்தில் பிறந்து, கண்மாய் வறண்ட வருடங்களையும் குழாயடியில் வரிசையில் நின்ற கோடைகளையும் பார்த்தவர் அவர். தண்ணீர் வரும் நாளில் குடம், அண்டா, சட்டி என்று வீட்டில் இருக்கும் எல்லாவற்றையும் நிரப்புவது அவருக்கு மூச்சு விடுவது போல. கேமிலும் அதேதான். சாதாரண அமைப்பில் முதல் 30 நாளுக்குள் எப்போது வேண்டுமானாலும் தண்ணீரும் மின்சாரமும் நின்றுவிடும். ஓடும்போதே பானை, பாட்டில் எல்லாவற்றையும் நிரப்பிக் கொள்ள வேண்டும். அப்பத்தா சொன்னதை அப்படியே நோட்டில் எழுதச் சொன்னேன். அதன் கீழே மற்றவற்றை நாங்கள் சேர்த்தோம்:

1. மழைநீர்த் தொட்டி செய்யத் தச்சு வேலையில் 4-ம் நிலை வேண்டும். எனவே முதல் வாரமே பலகை வேலையைத் தொடங்க வேண்டும். மழைநீரைக் காய்ச்சாமல் குடிக்கக் கூடாது.

2. முதல் சில நாட்கள் கேமுக்குள் டிவி ஓடும். அதில் தச்சு, சமையல், விவசாய நிகழ்ச்சிகளைப் பார்த்தால் அந்தத் திறமைகள் வளரும். ஊர் சுற்றுவதைவிட இது முக்கியம்.

3. ஜெனரேட்டரை இயக்க அதற்கான பத்திரிகையைத் தேடிப் படிக்க வேண்டும், அல்லது எலக்ட்ரீசியனாக ஆட்டத்தைத் தொடங்க வேண்டும். ஜெனரேட்டரை வீட்டுக்குள் வைத்தால் புகையே கொன்றுவிடும். நிஜத்திலும் அப்படித்தான்.

4. மின்சாரம் இருக்கும்போதே பெட்ரோல் பிடித்து வைக்க வேண்டும். பங்க்கில் மின்சாரம் இல்லையென்றால் பெட்ரோல் வராது.

5. துப்பாக்கி கடைசி. சத்தம் கேட்டால் கூட்டம் வரும்.

இன்னொரு முடிவும் முன்பே எடுக்க வேண்டும். செத்த பிறகு அதே ஊரில் புது ஆளாகத் தொடரலாம். கடிபட்டுச் செத்திருந்தால் உங்கள் பழைய ஆளே ஜாம்பியாகப் பை, சட்டையோடு எதிரே வரலாம்! ஆனால் தண்ணீரும் மின்சாரமும் நின்ற ஊரில்தான் தொடங்குவீர்கள். புது ஊரா, பழைய ஊரா என்பது உங்கள் விருப்பம்.

விதியை மாற்றுவது ஏமாற்றா?

'சாண்ட்பாக்ஸ்' என்ற பகுதியில் ஜாம்பிகளின் எண்ணிக்கை, வேகம், தண்ணீர் நிற்கும் நாள், கடித்தால் நோய் தொற்றுமா இல்லையா என எல்லாவற்றையும் மாற்றலாம். "இது ஏமாற்று வேலை" என்று சிலர் சொல்கிறார்கள். நான் ஒப்புக் கொள்ள மாட்டேன். ஆரம்பிக்கும் முன் விதியை வைத்துக் கொள்வது ஏமாற்று அல்ல. செத்த பிறகு பழைய பிரதியைப் போட்டு எழுந்து வருவதுதான் ஏமாற்று. பிரதி எடுப்பது மின்வெட்டுக்காக, ஜாம்பிக்காக அல்ல! இந்தக் கேமில் பயம் இருப்பதே சாவு ஒரு தடவைதான் என்பதால். அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது வெறும் கட்டைதான்.

கடைசியாகப் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. இது ரத்தம் தெறிக்கும் கேம். சின்னப் பிள்ளைகளுக்கு இல்லை. பெரிய பிள்ளைகளுக்கும் நேரம் வைக்க வேண்டும். கேமில் நாள் நகர்வது தெரியும், வீட்டுக் கடிகாரம் நகர்வது தெரியாது. மருமகனுக்கு இரவு 10 மணி எல்லை. அலாரம் மொபைலில் இல்லை, அப்பத்தாவின் வாயில்.

மூன்றாவது ஆட்டத்தில் அவன் 94 நாள் தாக்குப் பிடித்தான். காட்டில் கால் தடுக்கி விழுந்ததில் முடிந்தது. பெரிய வருத்தம் இல்லை. சரியாக ஆடித் தோற்றவனுக்கு இருக்கும் முகம் அது. இப்போது ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் இரண்டு ஜிப் பைல்கள் பென் டிரைவில் ஏறுகின்றன. ஒன்று ஜாம்பி, இன்னொன்று கூலிக் கணக்கு. ஆனாலும் அக்கா நோட்டில் எழுதுவதை நிறுத்தவில்லை. நிறுத்தச் சொல்லி நானும் சொல்லவில்லை.